இரை எடுக்காத கோழி

இடம்பெயர்ந்து வந்த குடும்பமொன்றுக்கு நாலு பேட்டுக் கோழி இருந்தால் அது சிறிய சொத்து அல்ல. வயல் கைவிட்டுப் போயிற்று. மாடு எந்தக் காட்டில் நிற்கிறதோ தெரியாது. கிணறு இன்னொருவர் காணியில். கோழி மட்டும் கடகத்தில் ஏறிக் கூடவே வந்தது. சின்னப் பிள்ளைக்கு ஒரு முட்டை, கொப்பி வாங்க நாலு முட்டை, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ் காசில்லாத நாளில் ஒரு சேவல் என்று அவசரத்துக்குக் கைகொடுப்பது அதுவே. ஆகவே, "சுவாமி, என்ரை கோழி நேற்றிலிருந்து தூங்குது. இரையும் எடுக்குதில்லை, தண்ணியும் குடிக்குதில்லை" என்று ஒரு தாய் வந்து சொல்லும்போது அதனை அற்ப விஷயமாக எண்ண முடியாது.

இவ்வாறான வேளையில் எமது சனங்கள் வழக்கமாகச் செய்வது என்ன? சொண்டைத் திறந்து சோற்றுருண்டையைத் திணிப்பார்கள். அல்லது வீட்டில் மிஞ்சிக் கிடக்கும் குளிசை ஒன்றைப் பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள். இரண்டும் சரிவராவிட்டால் "சாகமுன் வித்துப்போடு" என்று அயலவர் ஆலோசனை சொல்வார்கள். இந்த மூன்றினாலும் பிழைத்த கோழிகள் மிகச் சில. நோய்க்கோழிக்கு முதலில் வேண்டியது இரையும் அல்ல, மருந்தும் அல்ல. ஒதுக்கமான இடமும் தண்ணீரும் கொடுத்துவிட்டு, அது ஏன் இரை எடுக்கவில்லை என்பதனைக் கையால் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும்.

பிரித்து வைத்தல்

என்ன நோய் என்று அறியமுன்னரே அந்தக் கோழியை மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். பழைய கடகம், பழப்பெட்டி, கவிழ்த்த கூடை எதுவாயினும் போதும். அடியில் காய்ந்த வைக்கோலோ சாக்கோ போட்டு, நாய் பூனை அணுகாத, கூதல் காற்றுப் படாத மூலையில் வையுங்கள். காலையில் மற்றக் கோழிகளைக் கவனித்து முடித்த பின்னரே நோய்க்கோழியிடம் செல்ல வேண்டும். வந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இந்த ஒழுங்கு மாறினால் நோயை நீங்களே கையில் கொண்டுபோய் மற்றக் கோழிகளுக்குக் கொடுத்தவர்களாவீர்கள்.

அதற்குச் சூடு வேண்டுமா, குளிர்ச்சி வேண்டுமா என்பதைக் காலம் பார்த்துத் தீர்மானியுங்கள். நலமான கோழியின் உடற்சூடே 41 பாகை செல்சியசுக்கு மேல், எம்முடையது 37. ஆகவே தொட்டுப் பார்த்துச் சுடுகிறது, காய்ச்சல்தான் என்று முடிவுகட்டக் கூடாது. மாரியில் நனைந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டு குறண்டி நிற்கும் கோழிக்குச் சூடு வேண்டும். போத்தலில் சுடுதண்ணீர் விட்டுத் துணியால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு கூடினால் மற்றப் பக்கம் விலகிப்போக அதற்கு இடமிருக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் சொண்டைத் திறந்து இளைத்துக்கொண்டு, செட்டைகளை உடம்பிலிருந்து விலக்கிப் பிடித்தபடி நிற்கும் கோழியின் கதை வேறு. அதற்கு வேண்டியது மரநிழல். கால்களைச் சிறிது நேரம் தண்ணீரில் நனைத்து வைத்தாலும் ஆறுதலடையும். தறப்பாள் கொட்டிலுக்குள் நண்பகலில் மனிதரே இருக்கமுடியாது. கோழிக்கூட்டை அதற்குள் வைத்திருந்தால் அந்தக் கோழிக்கு நோயென்று ஒன்றும் தேவையில்லை, வெக்கையே போதும்.

முதலில் தண்ணீர்

வளர்ந்த கோழி ஒன்று நாளொன்றுக்குக் கால் லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். வெயில் காலத்தில் அதற்கும் மேல். முட்டையின் உள்ளிருப்பதில் ஏறத்தாழ முக்காற் பங்கு நீர்தான். கோழிக்குப் பல்லில்லை. அது விழுங்கும் தானியம் கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் தங்கி, தண்ணீரில் ஊறி, பிறகுதான் உள்ளே போய் அரைபடும். தண்ணீர் இல்லாவிட்டால் தீனி ஊறாது. ஊறாத தீனி கீழே இறங்காது. ஆகவே கோழியும் மேலும் இரை எடுக்காது. தண்ணீர் குடிக்காத கோழிக்குச் சோறு திணிப்பது, அடைபட்ட வாய்க்காலில் மேலும் மண் போடுவது போன்றது.

கோழி நீரிழந்திருப்பதை எப்படி அறிவது? கண்கள் உட்குழிந்திருக்கும். கொண்டை சுருங்கிக் கறுத்திருக்கும். எச்சம் மிகக் கொஞ்சமாக, பச்சையும் வெள்ளையுமாகப் போகும்.

இதற்குப் பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி நல்லது. ஆயினும் உப்பு கூடினால் கோழிக்கு ஆகாது. ஆகவே ஒரு லீற்றருக்குரிய பக்கற்றை இரண்டு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரையுங்கள். ஜீவனி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் மூன்று தேக்கரண்டி சீனியும் கால் தேக்கரண்டி உப்பும் தட்டையாக அளந்து போட்டுக் கலக்குங்கள். ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. இரண்டு நாட்களுக்குப் பிறகு வெறும் தண்ணீருக்கு மாறிவிடுங்கள்.

கொடுக்கும் முறையில்தான் பெரும்பாலானோர் கோழியைக் கொன்றுவிடுகிறார்கள். கோழியின் நாக்கின் அடியில் மூச்சுக்குழாயின் வாய் திறந்தபடி இருக்கிறது. தலையை அண்ணாத்திப் பிடித்துத் தண்ணீரை ஊற்றினால் அது நேரே சுவாசப்பைக்குள் போய்விடும். இரவு மூச்சிரைத்து, விடியச் செத்துக் கிடக்கும். நோயால் செத்தது என்று நாங்கள் சொல்வோம். அப்படிச் செய்யாதீர்கள். கோழியை மடியில் நிமிர்த்தி இருத்தி, செட்டைகளைத் துணியால் மெதுவாகச் சுற்றிக்கொள்ளுங்கள். விரலை நனைத்துச் சொண்டின் பக்கவாட்டில் ஒரு துளி வையுங்கள். அது தானாக நக்கி விழுங்கும். விழுங்கிய பின் அடுத்த துளி. ஊசி கழற்றிய சிறிஞ்ச் இருந்தால் வேலை இலகு. சில கோழிகள் சொண்டின் நுனியைச் சிரட்டைத் தண்ணீரில் தொட்டுக்காட்டியவுடன் குடிக்கத் தொடங்கிவிடும். ஆனால் மூக்குத் துளை தண்ணீரில் அமிழக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு தேக்கரண்டி அளவு உள்ளே போனால் போதுமானது. பகல் முழுவதும் சேர்த்து அரைக் கோப்பைக்குச் சற்றுக் கூடுதலாக வரும். இது பொறுமையான வேலை. வீட்டில் பள்ளிக்கூடம் இல்லாமல் நிற்கும் பிள்ளையிடம் ஒப்படைத்துப் பாருங்கள். பெரியவர்களைவிட அவர்கள் நன்றாகச் செய்வதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்.

தலையை நிமிர்த்தமுடியாமல், விழுங்காமல் கிடக்கும் கோழிக்கு வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்.

கையால் தடவிப் பாருங்கள்

கோழி சற்றுத் தெளிந்ததும் தலையிலிருந்து வால்வரை தடவிப் பார்க்க வேண்டும். சொண்டைத் திறந்து வாய்க்குள் பாருங்கள். இடம்பெயர்ந்தோர் தங்கும் இடங்களில் தறப்பாள் நார், உரப்பை நூல், தூண்டில் நைலோன் எங்கும் சிந்திக் கிடக்கின்றன. புழு என்று கொத்திய நூல் நாக்கின் அடியில் சுற்றி இறுகிவிட்டால் கோழி இரையை ஆவலோடு பார்க்கும், கொத்தும், ஆனால் விழுங்காது. தையல் கத்தரியால் நூலை வெட்டி மெதுவாக எடுத்த பத்தாவது நிமிடத்தில் சோறு தின்ற கோழி உண்டு. நூலின் மறுமுனை தொண்டைக்குள் போயிருந்தால் மட்டும் இழுக்காதீர்கள். வெளியே தெரிவதை வெட்டிவிட்டு மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.

வாய்க்குள் மஞ்சள் வெள்ளையாகப் படை படர்ந்திருந்தால் அது அம்மையாக இருக்கலாம். கொண்டையிலும் கண்ணைச் சுற்றியும் கறுத்த பொருக்குகள் இருக்கிறதா என்று பாருங்கள். இது நுளம்பால் பரவும் நோய். மாரிக்குப் பின் தண்ணீர் தேங்கும் இடங்களில் கூடுதலாக வரும். கண் ஒட்டிப்போன கோழி பசியோடுதான் இருக்கிறது. இரை கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவே. இளஞ்சூடான உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக் கண்ணைத் துடைத்து, கையால் இரை ஊட்டுங்கள். பொருக்கைப் பிய்க்கக் கூடாது. மூன்று நான்கு கிழமையில் அவை தாமாக உதிரும்.

அடுத்தது தீனிப்பை. கழுத்து முடிந்து மார்பு தொடங்கும் இடத்தில், கோழியின் வலப்பக்கமாகக் கையை வையுங்கள். மாலையில் நிறைந்திருக்கும் இப்பை காலையில் வெறுமையாக இருக்க வேண்டும். காலையிலும் பந்துபோல் கல்லாக இருந்தால் உள்ளே நீண்ட புல்லோ வைக்கோலோ பொலித்தீனோ அடைத்துக் கிடக்கிறது. அதற்கு அன்று இரை வேண்டாம், தண்ணீர் மட்டும். அரைத் தேக்கரண்டி தேங்காயெண்ணெயைத் துளி துளியாகக் கொடுத்து, பையை விரல்களால் மெதுவாக உருட்டிப் பிசையுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு நாலு தடவை. இரண்டு நாளில் கரையாவிட்டால் வைத்தியர்தான். சில இடங்களில் சவரத் தகட்டால் பையைக் கீறி எடுத்துத் தைப்பார்கள். பழகிய கை செய்து கோழி பிழைத்ததும் உண்டு. ஆயினும் பழகாதவர் அதைச் செய்யத் துணிவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

பை கல்லாக இல்லாமல் தண்ணீர்ப் பை போல் தளதளத்து, வாயில் புளித்த நாற்றம் வீசினால் உள்ளே தீனி புளித்துவிட்டது. ஒரு நாள் இரையை நிறுத்திச் சுத்தமான தண்ணீர் மட்டும் கொடுங்கள். பிறகு சிறிது தயிர் கலந்த குழைசோறு. கோழியைத் தலைகீழாகப் பிடித்துச் சத்தியெடுக்க வைக்கும் வழக்கம் உண்டு. அந்தப் புளித்த நீரும் மூச்சுக்குழாய்க்குள் போகும் என்பதால் அதனைக் கைவிடுங்கள்.

மார்பெலும்பைத் தடவுங்கள். இரு பக்கமும் சதை இருந்தால் நோய் அண்மையில் வந்தது. எலும்பு கத்திபோல் கையில் வெட்டினால் பல கிழமைகளாகவே கோழி தேய்ந்துகொண்டு வந்திருக்கிறது: பூச்சியாக இருக்கலாம், செள்ளாக இருக்கலாம். இரவில் ரோச் அடித்துச் செட்டைக்குக் கீழும் பின்துவாரத்தைச் சுற்றியும் கூட்டின் கம்பு இடுக்குகளிலும் பாருங்கள். சில செள்ளுகள் பகலில் கூட்டில் ஒளிந்திருந்து இரவில் மட்டும் இரத்தம் குடிப்பவை. கூட்டைக் கழற்றிக் கொதிதண்ணீர் ஊற்றி வெயிலில் போடுங்கள். அடுப்புச் சாம்பலும் காய்ந்த மணலும் கலந்து கோழி குளிக்க ஒரு குழி வெட்டிக் கொடுங்கள். வயலுக்கு அடிக்கும் மருந்தைக் கோழியில் பூசாதீர்கள். செள்ளுக்கு முன்னே கோழி போய்விடும்.

முட்டையிடும் கோழி வாலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து நின்று முக்கினால் முட்டை இறுகியிருக்கிறது. பேசினில் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டு வயிற்றுப்பகுதி அமிழ 15, 20 நிமிடம் இருத்துங்கள். பின்துவாரத்தில் தேங்காயெண்ணெய் தடவி, ஈரத்தைத் துடைத்து இருட்டில் விடுங்கள். முட்டையை உள்ளே உடைக்க முயலவேண்டாம். இது மீண்டும் வராதிருக்கச் சிப்பியை இடித்துத் தூளாக்கி ஒரு சிரட்டையில் எப்போதும் வையுங்கள்.

நோயில்லாத "நோய்க்கோழி"

அடைக்கு விழுந்த கோழியை நோய்க்கோழி என்று கொண்டுவருபவர்கள் உண்டு. அது இறகைச் சிலிர்க்கும், கிட்டப்போனால் சீறும், நாளில் ஒருமுறைதான் எழுந்து இரை எடுக்கும். அதற்கு மருந்து அல்ல, முட்டைதான் வேண்டும்.

இன்னொரு வகையைப் புது இடங்களில் அதிகம் காணலாம். பழைய வளவில் உங்கள் கோழிகளுக்குள் யார் பெரியவர், யார் சின்னவர் என்று ஒரு ஒழுங்கு இருந்தது. இங்கே பத்து வீட்டுக் கோழிகள் ஒரே குழாயடியில் கூடுகின்றன. பலமான கோழி மற்றதைத் தண்ணீரண்டை விடாது. கொத்துப்பட்ட கோழி கொட்டில் மூலையில் ஒதுங்கி நிற்கும். நாங்கள் "தூங்குது" என்போம். பிரித்து வைத்துத் தண்ணீர் வைத்தவுடன் சிரட்டையைக் காலி செய்தால் அதற்கு நோயில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். இரையும் தண்ணீரும் ஒரே இடத்தில் வைக்காமல், ஒன்றையொன்று பார்க்க முடியாத இரண்டு மூன்று இடங்களில் வைத்தால் இத்தொல்லை தீரும். முன்பு மண்சட்டியில் குடித்த கோழி நீல நிறப் பிளாஸ்ரிக் பேசினைக் கண்டு வெருளுவதும் உண்டு. பழைய சட்டியையே தேடிப் பிடியுங்கள்.

இரைக்குத் திரும்புதல்

தண்ணீர் குடிக்கத் தொடங்கிய கோழிக்கு நெல்லும் சோளமும் உடனே போடாதீர்கள். குழைந்த சோறு, குரக்கன் கூழ், அவித்த முட்டையின் மஞ்சட்கரு என்று சிறிது சிறிதாகக் கொடுங்கள். கோழிக்கு முட்டையா என்று சிலர் சிரிப்பார்கள். ஒரு முட்டையால் ஒரு கோழி எழும்புமானால் அது நட்டமில்லை. கறையான் புற்று அருகிலிருந்தால் இன்னும் நல்லது. எதையும் தொடாத கோழியும் அசையும் கறையானைக் கண்டால் கொத்தும். மற்றக் கோழி ஒன்று இரை எடுப்பதை வலைக்கப்பால் பார்க்க வைப்பதும் பசியைத் தூண்டும். மிஞ்சிய குழைசோற்றை இரண்டு மணித்தியாலத்துக்குள் அகற்றிவிடுங்கள்.

பல கோழிகள் ஒன்றாக விழுந்தால்

இதுவரை சொன்னது ஒரு கோழி தனியாகச் சுகமில்லாது போவதைப் பற்றியே. இரண்டு மூன்று நாளுக்குள் மூன்று நாலு கோழி விழுந்தால், கொறுகொறுத்து மூச்சு வாங்கினால், கழுத்து முறுகினால், கால் செட்டை இழுத்தால், பச்சையாகத் தண்ணீர்போல் கழிந்தால், அது இராணிக்கெட் என்று எண்ணிச் செயற்படுங்கள். பச்சை எச்சம் மட்டும் போதாது, பட்டினி கிடக்கும் எந்தக் கோழிக்கும் எச்சம் பச்சைதான். மற்ற அடையாளங்களையும் சேர்த்தே பாருங்கள். 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இனங்காணப்பட்டதனால் நியூகாசில் நோய் என்றும் இதற்குப் பெயர். இது வைரசு நோய். வந்தபின் மருந்தில்லை. தடுப்பு மருந்து போடாத கோழிகள் பத்தில் எட்டு ஒன்பது இறந்துவிடக்கூடும். பறவைக் காய்ச்சலும் ஏறத்தாழ இப்படியே தோன்றக்கூடுமாகையால், பல கோழிகள் திடீரெனச் செத்தால் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அன்றே அறிவிக்க வேண்டும்.

அந்த வேளையில் மனித மருந்துக் குளிசைகள் உதவா. நுண்ணுயிர்க்கொல்லி மருந்து வைரசை ஒன்றும் செய்யாது. அளவு தெரியாமல் கொடுத்தால் அதன் மிச்சம் முட்டையில் இறங்கி உங்கள் பிள்ளையின் கோப்பைக்கு வரும்.

இனி, விற்பது பற்றி. 1990, 1995, 2009 என்று இடம்பெயர்ந்த ஆண்டுகள் வேறு வேறாயினும் கோழிகளுக்கு நேர்ந்தது ஒன்றே. பல ஊர்க் கோழிகள் ஓரிடத்தில் நெருங்கின. ஒரு கொட்டிலில் தொடங்கியது மறு கொட்டிலுக்குப் போயிற்று. நீங்கள் சந்தையில் விற்கும் நோய்க்கோழி உங்களைப் போல ஏதுமின்றி வந்த இன்னொரு குடும்பத்தின் கூட்டுக்குத்தான் போகிறது. அதை அறுத்து, இறகையும் குடலையும் வாய்க்காலில் எறிந்தாலும் அப்படியே. ஒரு மாதமாக இறைச்சி காணாத வீட்டில் "அந்தக் கோழியைச் சமைக்காதே" என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பதை அறிவேன். சைக்கிளில் அடிபட்டுக் கால் முறிந்த நலமான கோழியை உடனே அறுத்து உண்ணலாம், அதில் குற்றமில்லை. நோயில் விழுந்ததையும், தானாகச் செத்ததையும், மருந்தடித்த வயலில் மேய்ந்து வாயில் நீர் வடிய நடுங்கி விழுந்ததையும் உண்ணவேண்டாம். மூன்றடிக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, நாய் கிளறாதபடி புதையுங்கள். கிணற்றிலிருந்து தள்ளிப் புதையுங்கள். இராணிக்கெட் கோழியைக் கையாண்ட கையால் கண்ணைத் தேய்த்தால் மனிதருக்கும் கண் நோ வரலாம்.

முதலில் செய்யவேண்டியது அயலவருக்குச் சொல்வது. வெட்கப்பட்டு மறைத்த வீட்டால் ஒரு குடியிருப்பே கோழியில்லாமற் போகும். சொன்னால் அவர்கள் தங்கள் கோழிகளை அன்றே அடைத்து வைப்பார்கள். புதிதாக வாங்கிய கோழியையும் இரண்டு கிழமை புறம்பாக வைத்துப் பார்த்த பின்னரே கூட்டில் சேருங்கள்.

தடுப்பு மருந்து போடுவதற்கு உங்கள் பிரிவிலுள்ள அரச கால்நடை வைத்திய அலுவலகத்துடன் தொடர்பு கொள்ளுங்கள். இது கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களங்களின் கீழ் வருவது. கோழி மூன்றே மூன்றுதான் என்று தயங்க வேண்டாம். கண்ணில் சொட்டாக விடும் மருந்தின் ஒரு குப்பியே நூறு கோழிக்கும் மேல் காணும். கரைத்த மருந்தைக் குளிரில் வைத்து இரண்டொரு மணித்தியாலத்துக்குள் முடிக்கவேண்டும் என்பதனால் தனி வீட்டுக்கு அதனைத் திறப்பது வீண். இருபது முப்பது குடும்பம் சேர்ந்து ஒரு நாளைக் குறித்து, எத்தனை கோழி என்று கணக்கெழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். நலமான கோழிக்கே மருந்து போடலாம். பலன் பிடிக்க இரண்டு கிழமையாகும். சில மாதங்களில் மீண்டும் போட வேண்டும், எத்தனை மாதத்தில் என்பதை மருந்து போடுபவரிடமே கேட்டுக் கலண்டரில் குறித்துவையுங்கள். குறித்த நாளுக்கு முதல்நாள் இரவே எல்லாக் கோழிகளையும் அடைத்துவிடுங்கள். விடிந்து திறந்துவிட்ட பின் ஊர்க்கோழியைப் பிடிப்பது என்பது அரை நாள் ஓட்டம்; அதற்குள் மருந்து கெட்டுவிடும்.